பெரட்டுக்கு வராத குரல்

"நடிக்கிறான்யா இந்த ஆளு! சத்தியமா நடிக்கிறான்!"

மலாயாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் டிரஸர் கனகராஜ் மேசையைக் குத்தினார். எதிரில் யாரும் இல்லை. கோபம் வந்தால் அவருக்கு ஆள் வேண்டாம், மேசை போதும்.

கோபம் கங்காணி அய்யாவு மேல்.

அய்யாவுவின் தொண்டை லேசுப்பட்டதல்ல. விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, அவர் பேர் பேராய்க் கூப்பிட்டால் கடைசி லயத்து வீட்டு வாசலில் தூங்குகிற நாய்கூட எழுந்து நிற்கும். வருஷக்கணக்கில் அப்படிக் கத்திக் கத்தி ஒருநாள் தொண்டை வீங்கிப்போனது. அப்புறம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான்.

"பேசாமல் இருக்கச் சொல்லும். ஓய்வுதான் மருந்து" என்றார் ஜோகூர் பாருவிலிருந்து வந்துபோகும் பெரிய டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர்.

கனகராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா இருந்தால் குரல் வராது, பயிற்சி கொடுத்தால்தான் வரும் என்பது அவர் கட்சி. உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். பப்பாளித் தண்டைத் தண்ணீரில் விட்டு, குமிழி கிளம்பும்படி 'ஊஊ' என்று குரல் கொடுக்க வேண்டும். கம்மிய தொண்டையோடு வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்து, யாருக்கு எதில் எவ்வளவு குரல் வருகிறது என்று ஒரு வருஷமாய் ஆராய்ந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு வந்தது. கோயில் பூசாரிக்கும் வந்தது.

டாக்டர் மசியவில்லை.

"அதெல்லாம் வெறும் சளி. தன்பாட்டிலை போயிருக்கும். இந்தக் கங்காணிக்கு வரட்டும், பாப்பம். வந்தால் எல்லாத் தோட்டத்திலையும் உம்முடைய பயிற்சிதான். உம்மையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

அதற்கப்புறம் கனகராஜுக்குச் சோறு இறங்குமா? தினமும் கங்காணியைப் பிடித்து உட்காரவைத்தார். அவரும் சொன்னபடி செய்தார். குமிழி அழகாக வந்தது. பேசச் சொன்னால் மட்டும் காற்று.

குமிழி அப்படி வருகிறவனுக்குக் குரல் வராமல் போகுமா? நாளைக்கு டாக்டர் வருகிறார். கனகராஜ் பொறுத்தது போதும் என்று முடிவுகட்டினார்.

மறுநாள் விடியுமுன்னே லயத்துக்குப் போனார்.

கங்காணிக்குக் குரல் போனதிலிருந்து பெரட்டு முறையே மாறியிருந்தது. அவர் வீடு வீடாய்க் கதவைத் தட்டி, எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவார். கணக்கெழுதும் கிராணி ஆளைப் பார்த்துப் பேர் போட்டுக்கொள்வார். குரல் திரும்பும்வரைதான் இந்தச் சலுகை என்று தோட்டத்துத் தொரை கறாராகச் சொல்லியிருந்தார்.

கனகராஜ் ஒரு வாழைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அய்யாவு தட்டியதும் வெள்ளையம்மா வீட்டுக் கதவு திறந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா தாயி?"

அய்யாவுவின் குரல்! கம்மல் இல்லை, கரகரப்பு இல்லை.

"இன்னும் விடலண்ணே. அனலாக் கொதிக்குது."

"பாலக் குடுத்துட்டு மெதுவா வா. நீ வராம நான் பெரட்டுக்குப் போகமாட்டேன்."

கனகராஜ் பாய்ந்து வந்தார்.

"அடப்பாவி மனுஷா! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

"டிரஸர் அய்யா, மெதுவாப் பேசுங்க" என்று வெள்ளையம்மா பதறினாள். "கிராணி காதுல விழுந்துரும்."

அப்படியானால் லயம் முழுக்கத் தெரியும். தெரியாத முட்டாள் தான் ஒருத்தன்தான். கனகராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தொர சட்டம் உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் அய்யாவு. "பேர ஒரு தடவதான் கூப்பிடணும். பதில் வரலன்னா அன்னிக்கிச் சம்பளம் கிடையாது. இருட்டுல நின்னு கூப்பிட்டப்போ எனக்கு இவங்க பேரு மட்டும்தான் தெரியும். கதவத் தட்ட ஆரம்பிச்சப்புறம்தான் எந்த வீட்டுல என்ன சுசா, என்ன கஷ்டம்னு கண்ணால பாத்தேன். இனிமே எந்த வாயால கூப்பிடுவேன்?"

"அப்போ என் கதி? நான் ராவும் பகலும் பட்ட பாடு?"

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தக் குரல் நீங்க குடுத்தது. டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிருங்க. நான் தடுக்கல."

"சொல்லத்தான் போறேன்! பின்ன விட்டுருவேனா?"

காலையில் டாக்டர் வந்தார். கூடவே தொரையும் வந்து நின்றார். மருந்துக்காகக் காத்திருந்த வெள்ளையம்மா, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டுக் கங்காணியின் தொண்டையைப் பார்த்தார்.

"வீக்கம் குறைஞ்சிருக்கு. என்ன கனகராஜ், சத்தம் வந்ததோ, இல்லையோ?"

கனகராஜின் பார்வை வாசலில் நின்ற வெள்ளையம்மா மேல் போனது. டாக்டர் கேட்க வேண்டும் என்று எவ்வளவு நாள் காத்திருந்த கேள்வி! அவர் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்த அய்யாவுவுக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைத் தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

கனகராஜ் சட்டென்று அவர் வாயைக் கையால் பொத்தினார்.

"பேசாதீங்க கங்காணி. என் பயிற்சியெல்லாம் வீண். டாக்டர் சொன்னதுதான் சரி, தொண்டைக்கு ஓய்வுதான் மருந்து."