கொடி வளைந்த இடம்

"ரம்ஜானுக்கு ரம்ஜான் என் வீட்டுல உக்காந்து பிரியாணி தின்னவன்! அவனே என் கழுத்தை அறுத்துட்டான்!"

நசீருதீன் செய்தித்தாளைக் கசக்கி மூலையில் வீசினார். இங்கிலாந்து ராணி மெட்ராஸ் வரும்போது பார்க்கப்போகும் பொருட்காட்சியில், காஞ்சிபுரத்தின் பெயரால் ஒரு பட்டுச்சேலை வைக்கப்போகிறார்கள். அதன் கரைக்கு டிசைன் போட்டவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் தர்மன் என்று போட்டோவோடு வந்திருந்தது.

டிசைன் கொடுத்தது நசீருதீன். முப்பது வருஷமாகச் சேலைக் கரைக்குக் கட்டம் கட்டமாக வரைந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனிதர். "கமிட்டியில எனக்கு ஆளு இருக்குதுபா, நானே குடுத்துர்றேன்" என்று தாளை வாங்கிப்போன சிநேகிதர், தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். ராணி வரும் அன்று சேலைக்குப் பக்கத்தில் நிற்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. டிசைன் போட்டவருக்கு.

"ஏங்க," என்று திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள் மனைவி ஜஹனாரா. "கல்யாணத்துக்கு நான் தைச்சிக்கினு வந்த தலையணை உறையைப் பாத்தீங்களா? ஆறு மாசமா தேடிக்கினு இருக்கேன்."

"இங்க என் குடியே முழுகுது, உனக்குத் தலையணை உறை கேக்குதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். இருபது வருஷப் பழக்கம்.

காலையிலேயே பொருட்காட்சிக் கமிட்டிக்கு நசீருதீன் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய புகார்க் கடிதம் வேலை செய்தது. மத்தியானமே கமிட்டித் தலைவர் கோதண்டபாணி, தர்மனையும் கையோடு அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தர்மன் நசீருதீனின் முகத்தைப் பார்க்கவில்லை. செய்தித்தாளைவிட அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

"ரெண்டு பேருமே 'நான்தான், நான்தான்'றீங்க. அத்தாட்சி ஏதாவது இருக்குதா பாய்?" என்றார் கோதண்டபாணி.

"அந்த டிசைனே அத்தாட்சிங்க. கொஞ்சம் பிரிங்க."

கோதண்டபாணி டிசைன் தாளைப் பாயில் விரித்தார். மாங்காய்களுக்கு நடுவே மல்லிக்கொடி ஒன்று நேராக ஓடியது. ஓரிடத்தில் மட்டும், அங்கே ஒன்றுமே இல்லாதபோதும், எதற்கோ வழி விடுவதுபோல் அரைவட்டமாக ஒதுங்கி மறுபடி நேரானது. கமிட்டியே மயங்கியது அந்த வளைவில்தான்.

"கொடி ஏன் இந்த எடத்துல வளையுதுன்னு இவனைச் சொல்லச் சொல்லுங்க. பெத்தவனுக்குத்தான் தெரியும்!"

தர்மன் தாளை உற்றுப் பார்த்தார். "அது... ஒரு அழகுக்கு..."

"அழகுக்காம்! கேட்டீங்களா?"

கோதண்டபாணி அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் தர்மனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. "தப்புதான் நசீரு. ராணி முன்னாடி ஒரு தடவை நின்னுட்டா வேலையை நிரந்தரம் பண்ணிடுவாங்கன்னு ஆசைப்பட்டுட்டேன்."

"ஆசைப்பட்டதை மன்னிக்கலாம்பா. ஆனா கூடவே இருக்கிறவங்க ஒழைப்பைத் திருடி, கூசாம உன் பேரைப் போட்டுக்கின பாரு... அதை எப்படி மன்னிக்கிறது?" ஜெயித்த பிறகும் நசீருதீனுக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த வேகத்திலேயே இடுப்புச் சாவியை உருவித் திரைக்குப் பின்னால் எறிந்தார். யாரையும் தொடவிடாத பெட்டியின் சாவி அது. "ஜஹனாரா, என் பெட்டியில பென்சில்ல போட்ட பழைய தாளுங்க இருக்கும். எடுத்துக்கினு வா, தலைவரும் பாக்கட்டும்."

உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தாள்கள் புரளும் சத்தம்.

"தாளெல்லாம் எதுக்கு பாய், அதான் முடிஞ்சிபோச்சே. ராணி பக்கத்துல நீங்கதான் நிக்கப்போறீங்க," என்று சிரித்த கோதண்டபாணி, வளைவை விரலால் தடவினார். "ஆனா அவங்க கேட்டா பதில் சொல்லணுமே. ஏன்தான் இங்க வளைச்சீங்க?"

நசீருதீன் வாயைத் திறந்தார். "அது வந்துங்க... கை தானா..." அப்போதுதான் பெட்டியில் தாள்களுக்கு அடியில் வேறு என்ன இருக்கிறது என்பது அவர் நினைவுக்கு வந்தது.

திரை விலகியது. வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டது. அதில் தாள் இல்லை. பழுப்பேறிய தலையணை உறை ஒன்று இருந்தது. அதன் மேல் நூலால் தைத்த மாங்காய்கள், நடுவே அதே இடத்தில் வளைந்த மல்லிக்கொடி.

"துணியில அந்த எடத்துல ஒரு ஓட்டை இருந்திச்சுங்க," என்றாள் ஜஹனாரா. "அதைச் சுத்தித்தான் நான் கொடியைத் தைச்சேன்."