சி பிளாக்கில் ஒரு கெட்ட வார்த்தை

ஃபெரிதுன் எழுந்து நின்றான். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, நடுவரின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த செலாமியால் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறவன் இந்த ஃபெரிதுன். மருந்துக்கடைக்காரன். சூரியகாந்தி விதை கொறித்தால் தோலைக்கூடக் கீழே துப்பாமல், காகிதப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிற பிராணி. எதிரணிக்காரனையே 'அவர்' என்று சொல்கிறவன்.

"யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு? மூணு கோல் முன்னால இருக்கோம். முடிய ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

ஃபெரிதுன் அதே வார்த்தையை இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை ராகத்தோடு.

அவ்வளவுதான். மேல் வரிசைகள் பிடித்துக்கொண்டன. ஒரு நிமிஷத்தில் சி பிளாக் மொத்தமும் பாடியது. நடுவரின் குடும்பத்தில் ஒருத்தரையும் மிச்சம் வைக்கவில்லை. ஒலிபெருக்கியில் தயவுசெய்து, தயவுசெய்து என்று கெஞ்சினார்கள். யார் கேட்டது?

சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய மைதானமாக இருந்தால் கத்திவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். அதை இடித்துவிட்டு, புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் பீட்ரூட் வயலுக்கு நடுவே இந்தப் புது ஸ்டேடியத்தைக் கட்டிவிட்டார்கள். உள்ளே போக ஆளுக்கொரு அட்டை, அட்டையில் போட்டோ, திரும்பின பக்கமெல்லாம் காமிரா. எந்த நாற்காலியில் எவன் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரு பிளாக் சேர்ந்து கெட்ட வார்த்தை சொன்னால், வாயே திறக்காதவன் உட்பட அங்கே இருந்த அத்தனை பேர் அட்டையும் இந்த ஸ்டேடியத்தில் நடக்கும் அடுத்த மேட்சுக்கு முடங்கும். சி பிளாக்குக்குக் கடைசி எச்சரிக்கையும் கொடுத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை செலாமியின் போனுக்குச் செய்தி வந்தது. அட்டை முடக்கம். அடுத்த மேட்ச் என்றால் சும்மா மேட்ச் இல்லை. இஸ்தான்புல்காரன் வருகிறான், வருஷத்துக்கு ஒரே தடவை.

நேராக மருந்துக்கடைக்குப் போனான்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? ரெண்டாயிரம் பேர் வயித்துல அடிச்சுட்டியே."

"வாய் தவறி வந்துடுச்சு, செலாமி."

"வாய் தவறி ரெண்டு தடவை வருமா? ராகம் வேற."

ஃபெரிதுன் யாருடைய மருந்துச் சீட்டையோ படித்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒரு வருஷம் தடை. ஆரம்பிச்சு வச்சது நான்தான்னு காமிரால பாத்துட்டாங்க."

"நல்லா வேணும்."

"வேணும்தான்."

பதிலுக்குச் சண்டை போடாதது செலாமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இனிமேல் என் மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பீங்க?"

"வேற எங்க போறதாம்?"

"நல்லது. ஒரே பொண்ணை அழைச்சிட்டுப் போக வர்றப்ப, அப்பன்காரன் வீட்ல இருந்தா கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

ஆமாம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் பெர்ரினுக்குக் கல்யாணம். ஆறு மாசம் முன்பே மண்டபம் பிடித்தாகிவிட்டது. மேட்சை அதே நாளுக்கு மாற்றியது கால்பந்துச் சங்கம். நாலு மணிக்கு மேட்ச், நாலு மணிக்கே மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வருகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெண்ணின் இடுப்பில் அப்பா சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். "அதை உன் தாய்மாமன் கட்டட்டும். நான் சாப்பாட்டுக்கு மண்டபத்துக்கு வந்துடறேன்" என்று போன மேட்சின் நடுவிலேயே போனில் கத்தியவன்தான் இந்தச் செலாமி. அந்தப் பக்கம் பெண் அழுதது கூட்டச் சத்தத்தில் கேட்கவில்லையாம். இப்படியும் ஒரு அப்பன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் மேளம். விருந்தாளிகளுக்கு இடம் வேண்டுமென்று மனைவி டீவியையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். கழுத்தில் டை, முகத்தில் கடுகடுப்பு, கையில் சிவப்பு ரிப்பன் என்று செலாமி நின்றான். மூலையில் தேநீர்க் கிளாஸோடு ஃபெரிதுன். இவனை யார் கூப்பிட்டது என்று முறைத்தான்.

வெள்ளை உடுப்பில் வந்த பெர்ரின், அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவன் ரிப்பனை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். அவள் தோளில் சாய்ந்தபோது, டை கசங்குவதைக்கூடப் பார்க்காமல் அணைத்துக்கொண்டான். அந்த ஒரு நிமிஷம் மேட்ச் ஞாபகம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பந்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாத்தீங்களா, இஸ்தான்புல் மேட்சையே விட்டுட்டு மகளுக்காக நிக்கிறார். அப்பான்னா இப்படி இருக்கணும்."

உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. செலாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மேட்ச் கிடக்குது, விடுங்க. பெத்த பொண்ணைவிட அதுவா பெரிசு?"

கூச்சமே இல்லாமல் சொன்னான். மாஷா அல்லாஹ் என்றார்கள். மூலையில் ஃபெரிதுன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே போகிற வழியில் பெர்ரின் ஃபெரிதுனிடம் நின்றாள். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையாக அவன் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள். அவளுடைய உடுப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த செலாமிக்கும் கேட்டது.

"அன்னிக்கு மேட்ச் முடிஞ்ச கையோட போன் பண்ணி, 'அழாதே, உங்கப்பா வருவார்'னு சொன்னீங்களே மாமா, நான் நம்பவே இல்ல. எப்படிப் பேசி வழிக்குக் கொண்டு வந்தீங்க?"

"ஒரே வார்த்தைதான்மா. ரெண்டு தடவை சொன்னேன்."