கூடாரத்தின் பின்பக்கம்

மலைமேல் இருந்தும் ஏலகிரி ஏரிக்கரையிலேயே அன்று நாற்பத்தெட்டு டிகிரி வெயில். சகாயராஜும் அவர் மனைவி ஜெனிட்டாவும் புதிதாக வாங்கிய குளிர்க்கூடாரத்துக்குள் போர்வை போர்த்திப் படுத்திருந்தார்கள். உள்ளிருக்கும் வெப்பத்தையெல்லாம் அந்தக் கூடாரம் பின்பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அதை ஒட்டிப் பின்னால் இருந்த சாதாரணத் துணிக்கூடாரத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"அண்ணா, உங்க சூடு முழுக்க எங்க மேலதான் அடிக்குது. கொஞ்சம் திருப்பி வச்சுக்கிறீங்களா?"

"வெயில் தாழட்டும்மா, திருப்பிடறேன்."

அவள் போனதும் ஜெனிட்டா சொன்னாள்: "பாவங்க, குழந்தை வச்சிருக்கா. இப்பவே திருப்பிடலாமே."

அவிழ்த்துக் கட்ட அரைமணி நேரமாவது வெயிலில் நிற்க வேண்டும். சகாயராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தபோது பக்கத்துக் கூடாரத்தில் யாரும் இல்லை.

"குழந்தைக்கு வலிப்பு வந்துடுச்சு சார். ஆம்புலன்ஸ்ல கீழ கொண்டுபோயிட்டாங்க," என்றார் முகாம் காவலாளி.

சகாயராஜ் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

"வெயில் தாக்கி இன்னிக்கு மட்டும் பதினோரு குழந்தைங்க வந்திருக்கு சார். நீங்க கேக்குற குழந்தை பேரு என்ன?"

"தெரியலைங்க."

"அம்மா பேராவது சொல்லுங்க."

அதையும் அவர் கேட்டிருக்கவில்லை.