கேரியர் இல்லாத வண்டி

பாலத்தைத் தாண்டி இரண்டு மிதி மிதித்திருப்பார், வெல்டருக்கு சைக்கிள் பின்பக்கம் அமுங்கியது.

பஞ்சர் என்றுதான் நினைத்தார். புது டயர் என்று கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். சத்தியம் செய்கிறவனை அவர் எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்?

இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கோணல் இல்லை. சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். லேசாகத்தான் வந்தது.

தனக்குத்தான் வயசாகிவிட்டது என்று முணுமுணுத்தபடி ஏறி மிதித்தார்.

வண்டி உருள ஆரம்பித்ததும் பின்னால் ஒரு குதி. வண்டி இடப்பக்கமாக ஆடியது. அவர் யோசிப்பதற்குள் அவருடைய வலது தோள் தானாகச் சாய்ந்து வண்டியை நிமிர்த்திவிட்டது.

தோளுக்குத் தெரிந்துபோயிற்று. அவருக்குத்தான் தெரிய வேண்டாம் என்று இருந்தது.

அப்படி ஏறுகிறவள் அவர் பெண்டாட்டி ஒருத்திதான். நின்ற வண்டியில் உட்காரவே மாட்டாள். உருட்டச் சொல்லி, கூடவே ஓடிவந்து, ஒருக்களித்துக் குதித்து உட்காருவாள். பழைய சைக்கிளில் அவளுக்கென்றே அகலமாக ஒரு கேரியரை அவரே பற்றவைத்திருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து கை நடுங்கி வேலையை விடும்வரை அவளை அதில்தான் சுமந்தார்.

இந்த வண்டியில் கேரியரே கிடையாது.

கடல் நிறத்தில் ஒரு வண்டி. மாட்டுக் கொம்பு மாதிரி பின்னால் வளைந்துவரும் ஹேண்டில்பார். ஓரத்தில் வெள்ளை வளையம் போட்ட குண்டு டயர். சோபா மாதிரி சீட்டு, அதுவும் ஒரே ஆளுக்கு. கடைக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. ஆயுசு முழுக்க அடுத்தவன் வீட்டு கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பற்றவைத்தவர், தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான். வாங்கும்போதுகூட மூட்டு மூட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"அது சரி, நான் எங்கங்க உக்கார்றது? ஹேண்டில்பார்ல, கிளி மாதிரியா?"

"கேரியர் வச்சா வண்டி அழகு போயிடும்டி."

"ஆமா, ஓட்டுறவரு அழகுதான் இப்ப வழியுதே!"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் காலையில் அவர் வண்டியை எடுத்தால், தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நின்று பார்ப்பாள்.

இன்று காலையும் நின்றாள்.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வரும்போது தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னாள். வாங்கியாயிற்று. சட்டைப் பையில் கடகடத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் அவள் வீட்டில்தானே இருக்க வேண்டும்?

வெல்டர் பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை. பேங்கையே நம்பாத மனுஷன். போனைக்கூட வீட்டில் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். வேவு பார்க்கிறவனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எவனாவது ஊர் சுற்றுவானா என்பார். இப்போதுதான் முதல்முறையாகக் கை அதைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது.

திரும்பிப் பார்த்தால் தீர்ந்தது. கழுத்து திரும்ப மாட்டேன் என்றது.

வேகத்தடை வந்தது. "பிடிச்சுக்கோ" என்றது வாய், பழக்கத்தில்.

இடுப்பில் சட்டை இறுகியது.

"வீட்டைப் பாக்காம இங்க என்னடி பண்ற?"

எதிரே வந்தவன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான். பின்னாலிருந்து சத்தமே இல்லை. ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள் அவள்.

வீட்டைப் பார்த்து மிதித்தார். மூச்சு இரைத்தது, முட்டி கழன்றுவிடும்போல வலித்தது. இந்த வயசில் என்ன ஓட்டம் என்று அவள் கேட்டிலேயே பிடித்துக்கொண்டு திட்ட வேண்டும். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்ட வேண்டும். அந்தத் திட்டை வாங்கத்தான் அப்படி மிதித்தார்.

தெருவுக்குள் திரும்பினார்.

கேட் ஆவென்று திறந்து கிடந்தது. அவள் ஒருநாளும் அப்படித் திறந்து போடுகிறவள் இல்லை. வாசலில் யார் யாருடையவோ செருப்புகள். அடுத்த தெருவில் இருக்கும் மகளின் ஸ்கூட்டர், ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நடுத்தெருவுக்கே ஓடிவந்தார்.

"அண்ணே, நில்லுங்க! எங்கண்ணே போயிட்டீங்க? எங்கெல்லாம் ஆள் அனுப்பித் தேடுறது உங்கள..."

இந்த வண்டிக்குக் கைப்பிடியில் பிரேக் கிடையாது. மிதியைப் பின்பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும். கால் அதற்குத் தயாராகவும் இருந்தது.

நின்றால் இறங்கிவிடுவாளே.

வெல்டர் முன்பக்கமாகவே மிதித்தார். பக்கத்து வீட்டுக்காரர் விலகிக்கொண்டார். உள்ளேயிருந்து மகள் "அப்பா" என்று அலறுவது முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

தெருமுனை தாண்டியும் அவள் இறங்கவில்லை.