மாளிகையில் ஹாட் சாக்லேட்

ஒரு காலத்தில் ராஜவிருந்தினர் தங்கிய மாளிகை, இப்போது ஹோட்டல். தாங்கள் வசிக்கும் வலியசாலைத் தெருவின் கண்ணில் படாமலிருக்க, பெண் பார்ப்பதை அங்கே வைத்துக்கொண்டார்கள்.

ஹாட் சாக்லேட்டை ஒரு வாய் குடித்ததும் அனந்தலக்ஷ்மியின் படபடப்பு சற்றே அடங்கியது.

"காப்பியைவிட நன்னாருக்கு," என்றாள்.

எதிரில் டெலிபோன்ஸில் வேலை பார்க்கும் சுந்தரராமன் புன்னகைத்தார்.

"என் கல்யாணத்துக்கப்புறம் அம்மா தனியா இருக்கப்படாது. அது ஒண்ணுதான் என் ஆசை," என்றாள் அனந்தலக்ஷ்மியின் மகள் ஹேமா.

"இருக்க மாட்டா. நான் இருக்கேன்," என்றார் அவர்.

ஹேமா அம்மாவின் கையைப் பிடித்தாள். "ஊர் பேசினா பேசட்டும். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. நீ சொல்லு."

அனந்தலக்ஷ்மி முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும்தான்."

"அப்போ முகூர்த்தம் பார்த்துடலாம் மாமா," என்றாள் ஹேமா. "அம்மாவுக்குக் கூரைப்புடவை நான்தான் எடுப்பேன்."