மாதாவுக்கு எடுத்து வைத்த பை

வலை நிறைய வந்தது மீன் இல்லை. பழைய கேரி பைகள். டீசல் தீர்ந்து, குடிதண்ணீரும் தீரப்போகும் நிலையில் இரண்டு நாளாகக் கடலில் மிதந்த தொபியாஸ், அவற்றுக்கு முத்தம் கொடுக்காத குறைதான். எப்போதும் அந்தக் குப்பையைத் திட்டித் தீர்ப்பவர், அன்று அள்ளி அள்ளிப் பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் எடுக்கப் படகில் பொருத்தியிருந்த காற்றுப் புகாத உலையில் போட்டார். பைகள் எரியவில்லை, உருகி, ஆவியாகி, குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டின. சாயங்காலம் எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பியது.

முதல் மீன் மாதாவுக்கு என்பது அவர்கள் ஊர் வழக்கம். மீன்தான் இல்லையே என்று ஒரு பையை மட்டும் உலையில் போடாமல் எடுத்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவி மடித்து மாதா படத்தின் முன் வைத்தார்.

"குப்பையப் போயி மாதாவுக்கு வப்பாகளா?" என்று அதைப் பிரித்த மனைவி ரெஜினாள், மங்கலாகத் தெரிந்த கடைப் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன் அவர்கள் கல்யாணப் புடவை எடுத்த கடை.

"நம்ம பையையும் நான் கடல்லதான் தூக்கிப் போட்டேன்," என்றாள் மெல்ல.

தொபியாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்னையக் கரை சேத்தது நீதான் புள்ள."