அனைத்தையும் மாற்று

முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றப்பட்டது என்று திரை சொன்னது.

கணவன் விரல்களில் நெட்டி முறித்துக்கொண்டான். "அவ்வளவுதான். இதுக்குப் போயி காலையிலேருந்து கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழுதிருக்க."

சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அவள் சிரிக்க முயன்றாள்.

உதவி கேட்டதே அவள் இல்லை. நெறியாளரிடமிருந்து கைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. ஆய்வேட்டில் 'நான்' என்ற சொல் எங்கும் கூடாது, 'ஆய்வாளர்' என்றே இருக்க வேண்டும், இடது ஓரம் ஒன்றரை அங்குலம், இன்று நான்கு மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். விடுப்பில் வீட்டிலிருந்த கணவன் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தான். நகரு என்றான். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

தன் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக அறிக்கைகளை வடிவமைப்பவன். ஓரம், வரி இடைவெளி, பக்க எண் எதிலும் பிசகு இருக்காது.

இரண்டு வருட மாலைக் கல்லூரி இன்றோடு முடிய வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவே முடியாது.

அவன் பக்கங்களை உருட்டினான். பாதியில் நின்றான்.

"இது என்ன, 'ஆய்வாளர்காம் இயல்'?"

நான்காம் இயல். நான்குக்குள் இருந்த நானையும் கணினி விட்டுவைக்கவில்லை.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் மேசையைச் சுற்றி அவன் பக்கம் வந்தாள். நான்காம் இயலில்தான் அந்தப் பன்னிரண்டு பெண்களும் பேசுகிறார்கள்.

வீட்டு ஓசைகளைப் பற்றிய ஆய்வு அது. எந்த ஓசையைக் கேட்டால் என்ன தோன்றும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, எழுத்து நடைக்கு மாற்றி, பெயரில்லாமல் எண்ணிட்டு வைத்திருந்தாள். உங்கள் வீட்டு ஆண்கள் கண்ணில் இது படவே படாது என்று பதினொரு பேருக்குச் சத்தியம் செய்து, பதினொரு படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஏழாம் பங்கேற்பாளர் வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார் என்று அடிக்குறிப்பு சொன்னது.

"'ஆய்வாளர் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்'," என்று அவன் உரக்கப் படித்தான். "எந்த ஸ்டேஷன் ஆய்வாளர் இவரு? பாவம், ரொம்ப நொந்து போயிருக்காரு."

"என்னங்க, பழையபடி ஆக்கிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இரண்டு விசைகளைச் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் போதும். முந்நூற்றுப் பன்னிரண்டும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். அது அவனுக்கும் தெரியும்.

"அப்புறம் மறுபடி மொதல்லேருந்தா? மணி ரெண்டுதான் ஆகுது. ஒண்ணொண்ணா பாத்துரலாம்."

'அடுத்தது' என்ற பொத்தானை அழுத்தினான். மஞ்சள் பூசிய ஆய்வாளர் ஒருவர் திரையில் வந்து நின்றார். அவன் வரி முழுவதையும் படித்தான். இது யார் சொன்னது என்று கேட்டான். அவள் சொன்னாள். அவள் சொன்னதென்றால் விட்டுவிட்டு, 'செய்தேன்' என்பதை 'செய்தார்' ஆக்கினான். அந்தப் பெண்கள் சொன்னதென்றால் 'நான்' என்று திருத்தினான்.

அடுத்தது. அடுத்தது.

மடிக்கணினிக்கு அருகில் அவனுடைய சாவிக்கொத்து கிடந்தது. அதில் சுண்டுவிரல் நகமளவு பித்தளை மணி ஒன்று. அவன் முழங்கை படும்போதெல்லாம் அது லேசாக முனகியது.

முதல் பெண். மூன்றாவது பெண். கதவு மணி அடித்தாலே பதறுகிற ஐந்தாவது பெண். தேநீர் வேண்டுமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டி மறுத்தான். மின்சாரம் போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். மடிக்கணினிக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பது பிறகுதான் உறைத்தது.

எண்பத்து மூன்றாம் பக்கம்.

ஏழாம் பங்கேற்பாளர். வயது நாற்பத்தாறு. இரண்டு பிள்ளைகள். துணிக்கடையில் வேலை.

"படிக்கட்டில் சாவிக்கொத்தின் மணியோசை கேட்டதும் ஆய்வாளர் எண்ணத் தொடங்குவேன். ஆய்வாளர்கு வரை எண்ணினால் கதவு திறக்கும். அதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்வேன்."

இந்த முறை இது யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை.

வயது, பிள்ளைகள், துணிக்கடை எல்லாவற்றையும் யோசித்து யோசித்துப் பொய்யாகச் சேர்த்திருந்தாள். மணியை மாற்ற மட்டும் தோன்றவில்லை.

அவன் விரல்கள் நிதானமாக இயங்கின. 'ஆய்வாளர்கு' 'நான்கு' ஆனது. பிறகு சுட்டியை மேல் வரிக்குக் கொண்டுபோனான். 'ஆய்வாளர்' என்பதைத் தொடவில்லை. 'தொடங்குவேன்' என்பதை 'தொடங்குவார்' ஆக்கினான். 'சரிசெய்துகொள்வேன்' என்பதை 'சரிசெய்துகொள்வார்' ஆக்கினான்.

"இங்க சரியாத்தான் மாறியிருக்கு," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீதிப் பெண்களையும் அதே நிதானத்தோடு முடித்தான். சேமித்தான். மூடியை இறக்கினான்.

"கெளம்பு. நானே கொண்டுபோயி விடுறேன்."

கையை நீட்டிச் சாவிக்கொத்தை எடுத்தான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.